விமானம் இறங்கும்போது புருவத்துக்கு மேலே வலி: பயணத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். தூசு பட்டால் தும்மலும் மூக்கடைப்பும் வரும். பீனிசம் என்று முன்பு மருந்தும் எடுத்திருக்கிறேன். போன மாதம் தடிமன் முழுதாக மாறாத நிலையில் கல்யாணச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போய் வந்தேன். திரும்பும்போது, கட்டுநாயக்கவில் விமானம் இறங்கத் தொடங்கியதும் வலது புருவத்துக்கு மேலே ஊசியால் குத்தி இழுக்கிற மாதிரி வலி. ரொபி சப்பினேன், மூக்கைப் பொத்தி ஊதினேன், கோடாலித் தைலம் பூசினேன். ஒன்றும் சரிவரவில்லை. வீட்டுக்கு வந்து மூக்கைச் சீறியபோது கொஞ்சம் இரத்தமும் வந்தது. இரண்டு நாள் வலி இருந்தது. அடுத்த மாதம் இலண்டனில் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. 8 வயது மகனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் பிரஷருக்குக் குளிசை எடுப்பவள். பயணத்தை நிறுத்திவிடவா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

சடங்குக்குப் போகலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பயணத்தை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் கையில் ஒரு மாதம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். இந்த வலிக்கான வைத்தியத்தில் முக்கால்வாசி விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வலி தொடங்கிய பிறகு இருக்கையில் இருந்தபடி செய்யக்கூடியது மிகக் குறைவு. அன்றைக்கு நீங்கள் அவ்வளவு பாடுபட்டும் பலன் கிடைக்காமல் போனது அதனால்தான்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். அது விளங்கினால், மருந்தை ஏன் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கச் சொல்கிறேன் என்பதும் விளங்கும்.

முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. புருவங்களுக்கு மேலே, கன்னங்களுக்குள், கண்கள் இரண்டுக்கும் நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று நான்கு சோடி. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். ஒவ்வொன்றும் மூக்குக்குள் ஒரு சிறிய துவாரத்தால் திறக்கிறது. புருவத்து அறைக்கு மட்டும் அந்தப் பாதை நீளமானது, ஒடுக்கமானது. விமான வலி மற்ற இடங்களைவிடப் புருவத்துக்கு மேலே அதிகம் வருவதற்கு அதுதான் காரணம். சிலருக்குக் கன்னத்தில் வரும். கன்னத்து அறையின் அடித்தளத்தை ஒட்டியே மேற்பல் வேர்கள் இருப்பதால் பல்வலி என்று நினைத்துப் பல் டொக்டரிடம் போகிறவர்களும் உண்டு.

விமானம் 35,000 அடிக்கு மேலே பறந்தாலும் கபினுக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். ஆனால் கொழும்பில் தரையில் இருக்கும் அளவுக்கு அழுத்துவதில்லை. 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடைப்பட்ட ஒரு மலையில் என்ன அழுத்தம் இருக்குமோ அதுதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். நுவரெலியா 6,128 அடி உயரம். ஆக, நீங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இருக்கும் நேரத்தில் உங்கள் மூக்கு நுவரெலியாவிலோ அதற்கும் கொஞ்சம் மேலேயோ இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு வாகனத்தில் இறங்க அரை நாள் பிடிக்கும். விமானம் அதே இறக்கத்தை ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் முடிக்கிறது.

மேலே ஏறும்போது வெளி அழுத்தம் குறையும், சைனஸுக்குள் இருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று துவாரத்தால் வெளியே வந்துவிடும். வெளியே வருவது அவ்வளவு கஷ்டமில்லை. இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடக்கூட அதே அளவுக்கு உள்ளேயும் காற்றுப் போக வேண்டும். தடிமனால் வீங்கிய சவ்வு துவாரத்தை அடைத்திருந்தால் காற்றுப் போக வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைந்தபடியே இருக்க, அறையின் உட்சவ்வு உள்நோக்கி இழுபட்டு வீங்கும், சிறு இரத்தக்குழாய்கள் சில வெடிக்கும். நீங்கள் உணர்ந்த அந்தக் குத்தல் இதுதான். பிறகு மூக்கைச் சீறும்போது வந்த இரத்தமும் இங்கிருந்துதான் வந்திருக்கும். சவ்வில் காயம் பட்டதால் தரை இறங்கிய பிறகும் இரண்டு நாள் வலித்தது.

இப்போது ரொபி விஷயம். ரொபி சப்புவது காதுக்குத்தான் நல்லது. நடுக்காதிலிருந்து தொண்டையின் பின்பக்கத்துக்கு வரும் குழாயை, நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் இழுத்துத் திறக்கின்றன. சைனஸ் துவாரத்துக்கு அப்படி ஒரு தசை இல்லை. எத்தனை ரொபி சப்பினாலும் அது திறக்காது. மூக்கைப் பொத்தி ஊதுவதும் முக்கியமாகக் காதுக்கான வேலைதான். மெதுவாக ஊதினால் சிலருக்குச் சைனஸுக்குள்ளும் கொஞ்சம் காற்றுப் போகலாம். வலி தாங்காமல் பலமாக ஊதினால் மூக்கில் இருக்கும் சளியும் சேர்ந்து உள்ளே போகும், காதுச் சவ்வுக்கும் கேடு. கோடாலித் தைலமும் பாமும் மூக்குக்குள் குளிர்ச்சியாக இருப்பதால் அடைப்பு எடுபட்டதாகத் தோன்றும். அதிலுள்ள மென்தோல் குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். சவ்வின் வீக்கம் அப்படியே இருக்கும். வேது பிடிப்பதும் இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணி குடிப்பதும் தடிமனுக்கு ஆறுதலானவை, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதை இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனிக்க வேண்டும். விமானம் இறங்கும்போது வருகிற எல்லாத் தலைவலியும் சைனஸால் வருவதில்லை. தடிமனோ மூக்கடைப்போ எதுவும் இல்லாதவர்களுக்கும், ஒரு பக்கக் கண்ணைச் சுற்றியோ நெற்றியிலோ கத்தியால் குத்துவது போன்ற கடும் வலி வரலாம். இறக்கம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் அது தானாகவே போய்விடும். இதை விமானத் தலைவலி என்று தனி நோயாகவே சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மருந்து வேறு, பயணத்துக்கு முன் எடுக்கும் வலிநிவாரணிகளே பெரும்பாலும் கைகொடுக்கும். உங்கள் கதை அப்படியில்லை. தடிமன் இருந்தது, இரத்தம் வந்தது, வலி இரண்டு நாள் நீடித்தது. மூன்றும் சைனஸைத்தான் காட்டுகின்றன. ஆனால் தடிமன் இல்லாத நாளிலும் இதே வலி வந்து, இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மாயமாகிறது என்றால், "எனக்குப் பீனிசம்" என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக மூக்கு மருந்து அடிப்பதில் பயனில்லை.

சரி, இந்த ஒரு மாதத்தில் என்ன செய்வது?

முதல் வேலையாக ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் மூக்கைக் காட்டுங்கள். தனியாரில் சனல் பண்ண வசதியில்லை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காசு இல்லை. மெல்லிய கமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பார்கள். நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா, சளி எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் அதிகம் தெரியாது. தேவைப்பட்டால் சீ.ரீ. ஸ்கான் கேட்பார்கள். சதை வளர்ச்சி இருந்து, ஒவ்வொரு பயணத்திலும் இப்படி வருகிறது என்றால் துவாரத்தை அகலப்படுத்தும் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கலாம். ஒருதடவை வந்ததற்காக அதைப் பற்றி இப்போது பயப்பட வேண்டியதில்லை.

தூசு பட்டால் தும்முகிறீர்கள் என்பதால் உங்களுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அப்படியானால் டொக்டர் பெரும்பாலும் ஒரு ஸ்டீரொய்ட் மூக்கு ஸ்பிரே எழுதித் தருவார். ஸ்டீரொய்ட் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து மருந்துத் துண்டை மடித்து வைத்துவிடாதீர்கள். மூக்குக்குள் அடிக்கும் அளவு மிகச் சிறியது, உடம்புக்குள் போவது அதிலும் கொஞ்சம்தான். ஆனால் அது உடனே வேலை செய்யாது. ஒவ்வொரு நாளும் தவறாமல் அடித்தால் ஒன்றிரண்டு கிழமையில்தான் முழுப் பலன் தெரியும். விமானத்துக்கு முதல்நாள் ஓடிப்போய் வாங்குவதில் அர்த்தமில்லை என்பதற்காகவே இதை இப்போது சொல்கிறேன். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நுனியை நடுத்தண்டுக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நேரே நடுத்தண்டில் அடித்தால் அந்த இடம் புண்ணாகி இரத்தம் வரும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

அதோடு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம். அரை லீற்றர் கொதித்தாறின தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, விரும்பினால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேரடியாக மூக்குக்குள் விடவே கூடாது. அப்படிப்பட்ட தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுத்திருக்கிறது. அரிதுதான், ஆனாலும் ஒரு கேத்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் நமக்கு என்ன நட்டம்? கழுவிய பிறகு ஸ்டீரொய்ட் ஸ்பிரேயை அடித்தால் மருந்து சவ்வில் நன்றாகப் படும்.

பயண நாளுக்கு வேறொரு மருந்து இருக்கிறது. வீக்கத்தை உடனே வற்றவைக்கும் மூக்கு ஸ்பிரே. சைலோமெட்டசோலின் அல்லது ஒக்சிமெட்டசோலின் என்று போத்தலில் எழுதியிருக்கும். ஒட்ரிவின் என்று பார்மசியில் கேட்டு வாங்குவது இந்த வகையைத்தான். சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி எட்டுப் பத்து மணித்தியாலம் வரை நிற்கும். இங்கேதான் பலர் நேரத்தைப் பிழைக்க விடுகிறார்கள். கட்டுநாயக்கவில் ஏறும்போது அடித்துவிட்டு, இலண்டனில் இறங்கும்போது அது காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். இலண்டன் நேரடி விமானம் ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம், அதற்குள் மருந்தின் வேலை முடிந்துவிடும். முன்னால் உள்ள திரையில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டுவார்கள். இறங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது முதலில் மெதுவாக மூக்கைச் சீறி, பிறகு அடியுங்கள். இறக்கம் தொடங்கும்போது மூக்கு திறந்திருக்கும். சென்னை மாதிரிக் குறுகிய பயணம் என்றால் கணக்கு வேறு. அது ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு விமானத்தில் ஏறும் முன்பே அடித்துவிட வேண்டும். ஸ்பிரே போத்தல் சிறியது, கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

இந்த ஸ்பிரேயைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு. நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக ஒவ்வொரு நாளும் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால், மருந்து விட்டதும் சவ்வு முன்பைவிட மோசமாக வீங்கும். அதற்காகத் திரும்பவும் அடிக்க வேண்டி வரும். மாதக்கணக்காக இப்படி மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. உங்களுக்குப் போகும்போது ஒருதடவை, வரும்போது ஒருதடவை போதும். இடையில் சடங்கு வீட்டில் மூக்கடைத்தாலும் உப்புத் தண்ணீரும் ஸ்டீரொய்ட் ஸ்பிரேயும்தான்.

பிரஷர் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால், ஒருதடவை அடிக்கும் ஸ்பிரேயால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. ஆனாலும் நீங்கள் எடுக்கும் குளிசையின் பெயரைச் சொல்லி, உங்களைப் பார்க்கும் டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். வாயால் எடுக்கும் தடிமன் குளிசைகள் அப்படியல்ல. சூடோஎபெட்ரின், பினைல்எப்ரின் சேர்ந்தவை பிரஷரைக் கூட்டக்கூடியவை, உங்களுக்கு வேண்டாம். இருதய நோய், ஒருவகைக் கண் அழுத்த நோய், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வலிக்கு முன்கூட்டியே ஏதாவது எடுக்க விரும்பினால், இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு எடுக்கலாம். இபுபுரொஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை பிரஷரைக் கூட்டும், சில பிரஷர் குளிசைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

அந்த மருந்துகளுக்குக் கொழும்பில் இருப்பவர்கள் பயப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்து வந்தால் அதைச் சைனஸ் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். டெங்குவும் அப்படித்தான் தொடங்கும். காய்ச்சல் இருக்கும்போது அஸ்பிரினோ இபுபுரொஃபனோ டைக்ளோஃபெனக்கோ தொடவே வேண்டாம். பனடோலை மட்டும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்த நிலையில் விமானம் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பயண நேரம் பார்த்துத் திரும்பவும் தடிமன் பிடித்தால்? லேசான தடிமன் என்றால் மேலே சொன்ன ஏற்பாட்டோடு போகலாம். மூக்கு முழுதாக அடைத்திருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பிரேயை அடித்துப் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு பக்கத்தைப் பொத்தி மற்றப் பக்கத்தால் மூச்சு விடுங்கள். அப்போதும் காற்றுப் போகவில்லை என்றால், அல்லது புருவத்தை அழுத்தினால் வலித்துக் காய்ச்சலும் மஞ்சள் சளியும் இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரிக்கற்றைச் சில நாள் தள்ளிப்போடுவேன். சடங்கு நாளைத் தள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால், முடியுமானால் சடங்குக்கு இரண்டு நாள் முன்பு போய்ச் சேருவது போலப் போடாமல், ஒரு கிழமை முன்னதாகப் போடுங்கள். இன்னொன்று, ரிக்கற் இன்னும் எடுக்கவில்லை என்றால் நேரடி விமானம் பாருங்கள். டுபாயிலோ டோஹாவிலோ மாறிப் போனால் காசு குறையலாம், ஆனால் உங்கள் சைனஸ் ஒருதடவைக்குப் பதிலாக இரண்டு தடவை இறங்க வேண்டும். பார்மசியில் அமொக்சிசிலின் கேட்டு வாங்கிப் போடவும் வேண்டாம். தடிமன் வைரஸால் வருவது, அன்ரிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது.

இத்தனைக்குப் பிறகும் இறங்கும்போது வலி தொடங்கினால் நிமிர்ந்து இருங்கள், மற்றொரு தடவை ஸ்பிரே அடியுங்கள், மெதுவாக, மிக மெதுவாக மட்டும் மூக்கைப் பொத்தி ஊதிப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் பணிப்பெண்ணிடம் சொல்லத் தயங்காதீர்கள். தரைக்கு வந்த பிறகு ஓரிரு நாள் நோவு இருப்பதும், சளியில் கொஞ்சம் இரத்தம் தெரிவதும் பயப்பட வேண்டியவை இல்லை. ஆனால் பார்வை மங்கினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால், கழுத்து விறைத்தால், கடும் காய்ச்சல் வந்தால், இரத்தம் நிற்காமல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும்போது இது நடந்தால் விருந்தாளி வீடு, சடங்கு வேலை என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கடைசியாக மகன். அவனுக்கு 8 வயது என்பதால் புருவத்து சைனஸ் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இந்த வயதில் தொல்லை தருவது பெரும்பாலும் காதுதான். ஆகவே ரொபி அவனுக்கு உதவும். இறங்கத் தொடங்கும்போது அவனை நித்திரையில் விடாமல் எழுப்பிவிடுங்கள், நித்திரையில் பிள்ளைகள் அதிகம் விழுங்குவதில்லை. ரொபியோ, அடிக்கடி மடக்கு மடக்காகத் தண்ணீரோ கொடுங்கள். தடிமன் இல்லாவிட்டால் ஸ்பிரே எதுவும் தேவையில்லை. உங்கள் போத்தலை அவனுக்கு அடிக்கவும் கூடாது, பெரியவர்களுக்கான மருந்தின் செறிவு 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல. அவனுக்கும் தடிமன் இருந்தால் சிறுவர்களுக்கான அளவை டொக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு காது அடைத்திருக்கிறது என்று சொன்னால் ஒன்றிரண்டு நாள் பாருங்கள். மாறவில்லை என்றாலோ, காதிலிருந்து நீரோ இரத்தமோ வந்தாலோ, தங்கச்சியிடம் சொல்லி அங்குள்ள டொக்டரிடம் காட்டுங்கள்.